கடைசியா வந்தவளுக்கு முதல் பரிசு

ஸ்லோ சைக்கிள் ரேஸுல கடைசியா வர்றவங்களுக்குத்தான் முதல் பரிசுங்கிறது எல்லாருக்கும் தெரியும், ஆனா எவ்வளவு கடைசியா வரலாம்னு எங்க விடிவெள்ளி இளைஞர் மன்றம் என்னைக்குமே யோசிச்சதில்ல. கால ஊனக்கூடாது, நிறுத்தக்கூடாது, பின்னாடி வரக்கூடாது, பக்கத்துக் கோட்டுக்குள்ள போகக்கூடாது, இவ்வளவுதான் விதி. இத வருசா வருசம் காணும் பொங்கல் அன்னைக்கு மைக்குல சொல்லுவோம், புள்ளைங்க தலையாட்டும், விசில் ஊதுவோம், ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எல்லாம் சாய்ஞ்சு விழுந்து முட்டியத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சு, யாராவது ஒருத்தர் ஜெயிச்சிருப்பாங்க. புவியரசி கலந்துக்கிட்ட வருசம் வரைக்கும் இப்படித்தான் நடந்துச்சு.

புவியரசி அப்ப அஞ்சாவது படிச்சுக்கிட்டு இருந்தா. எங்க போஸ்டாபீஸ் தெருவுல மாடியில கம்பி நீட்டிக்கிட்டு பாதியில நிக்கிற வீடு அவங்களுது. அப்பா நெடுஞ்செழியன் குவைத்துல ஏசி மெக்கானிக், ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை லீவுல வருவாரு. வரும்போதெல்லாம் புவிக்கு ஒரு கவுன் வாங்கிட்டு வருவாரு, வரும்போதெல்லாம் அந்தக் கவுன் சின்னதா இருக்கும், ஏன்னா போன தடவை பாத்துட்டுப் போன புவிக்குத்தான் அவரு கவுன் வாங்குவாரு, அந்தப் புவி அதுக்குள்ள வளர்ந்து போயிருப்பா. அதெல்லாம் பக்கத்து வீட்டுச் சின்னப் புள்ளைங்களுக்குப் போயிடும். எங்க தெருவுல பாதி புள்ளைங்க போட்டுத் திரிஞ்சது புவிக்குப் பத்தாத கவுனுங்கதான். இன்னொன்னு, அவரு கைக்கடிகாரம் இங்க வந்தாலும் குவைத்து நேரம்தான் காட்டும். மாத்தமாட்டாரு. திரும்பப் போறதுதானே, எதுக்கு ரெண்டு தடவை திருகிக்கிட்டுன்னு சொல்லுவாரு.

அந்த லீவுல வந்தப்ப கவுனோட ஒரு பச்சைக் கலர் சைக்கிளும் வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் சாயங்காலம் கேரியரப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி ஓடி ஓடி அவளுக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தாரு. சக்கரத்தைப் பாக்காத, தூரமா பாரு, பயப்படாத, பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டே வருவாரு. ஒரு நாள் அந்தக் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டுச்சு. புவி திரும்பிப் பாத்தா, அவரு எங்கயோ அடிபம்பு பக்கத்துல இடுப்புல கைய வச்சு நின்னுக்கிட்டு, பிடிச்சிருக்கேன்னு கத்திக்கிட்டு இருக்காரு. சைக்கிள் கத்துக்கொடுக்கிற எல்லா அப்பாவும் பண்றதுதான் இது. வாசல்ல நின்னவங்க எல்லாம் கை தட்டினோம். புவி விழல, சிரிக்கவும் இல்ல, சைக்கிள ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு வீட்டுக்குள்ள போயிட்டா.

எங்க மன்றத்துல ஒரு வழக்கம் இருக்கு. எந்தப் போட்டிக்கும் பரிச அப்பப்ப கொடுக்கமாட்டோம், எல்லாப் போட்டியும் முடிஞ்ச பிறகு மொத்தமா மேடையில வச்சுத்தான் கொடுப்போம். முன்ன ஒரு வருசம் அப்பப்ப கொடுத்துப் பாத்தோம், வாங்கினவங்க எல்லாம் டிபன் பாக்ஸத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க, கோலப்போட்டி முடிவு சொல்லும்போது எதிர்ல மைக்செட் கமால் பாய் மட்டும்தான் உக்காந்திருந்தாரு, அவரே கை தட்டினாரு. அதுல இருந்து கடைசிப் போட்டி முடியாம ஒரு டம்ளரக்கூட தொடமுடியாது. இன்னொரு வழக்கம், அந்த வருசம் வெளிநாட்டுல இருந்து யாரு லீவுல வந்திருக்காங்களோ அவங்கதான் சிறப்பு விருந்தினர், அவங்க கையாலதான் பரிசு. அந்த வருசம் நெடுஞ்செழியன் மட்டும்தான் வந்திருந்தாரு, அவருக்கும் அன்னைக்கு ராத்திரியே திருச்சியில இருந்து ஃபிளைட்டு. பெட்டியக் கயிறு போட்டுக் கட்டி, பேர எழுதி, பரிசு மேசை பக்கத்துலயே கொண்டாந்து வச்சுட்டாரு.

மன்றத்துச் செயலாளர் தட்சணா அண்ணன், ஜெராக்ஸ் கடைக்காரரு, விசில் எப்பவும் அவரு கழுத்துலதான் கிடக்கும். அவரு மைக்குல, நம்ம விருந்தினருக்கு நேரமாகுது, ரெண்டு போட்டியக் குறைச்சுக்கலாமான்னு கேட்டாரு. நெடுஞ்செழியன் மைக்க வாங்கினாரு.

"குறைக்கவேணாம் அண்ணே. ஒரு புள்ளையும் வெறுங்கையோட போகக்கூடாது. கடைசிப் பரிசையும் என் கையால கொடுத்துட்டுத்தான் நான் இந்தத் தெருவ விட்டுக் கிளம்புவேன்."

எல்லாரும் கை தட்டினோம். இத இங்கயே சொல்லிடுறேன், எங்க தெருவுல மைக்குல சொன்னத மாத்தமுடியாது. கபடிக்கு முதல் பரிசு தங்க மோதிரம்னு ஒரு தடவை தட்சணா அண்ணன் உணர்ச்சிவசப்பட்டு மைக்குல சொல்லிட்டு, அப்புறம் கைய மடக்கி மடக்கிப் பாத்துட்டு, கடைசியில அவரு கல்யாண மோதிரத்தையே சோப்பு போட்டுக் கழட்டிக் கொடுத்தாரு. வாயால சொன்னது வேற, மைக்கால சொன்னது வேற.

அப்ப புவி, கயித்துல கட்டித் தொங்கவிட்ட பன்ன கை படாம கடிச்சுத் திங்கிற போட்டியில நின்னுக்கிட்டு இருந்தா. பாதி பன் வாயில இருந்துச்சு. அப்பா சொன்னதக் கேட்டதும் மெல்லுறத நிறுத்திட்டா. அந்தப் போட்டியில தோத்துட்டா, அதப் பத்தி அவ கவலைப்பட்ட மாதிரி தெரியல.

சாக்கு ஓட்டம் முடிஞ்சுச்சு, லெமன் ஸ்பூன் முடிஞ்சுச்சு, மியூசிக்கல் சேருல வழக்கம்போல கமால் பாய் தன் பேரனைப் பாத்துப் பாத்துப் பாட்ட நிறுத்துறாருன்னு சண்டை வந்து அதுவும் முடிஞ்சுச்சு, யானைக்கு வால் வைக்கிறதுல ஒரு பய கண்ணக் கட்டிக்கிட்டு நேரா போய் நெடுஞ்செழியன் சட்டையில வால ஒட்டிட்டு வந்தான். கடைசியா ஸ்லோ சைக்கிள். தபால் பெட்டிகிட்ட ஒரு கோடு, அடிபம்புகிட்ட ஒரு கோடு, நடுவுல ஆளுக்கொரு பாதை, எல்லாம் சுண்ணாம்புத்தூள்ல போட்டது. விசில் ஊதினதும் புள்ளைங்க கிளம்புச்சு. ஒண்ணு உடனே கால ஊனிடுச்சு, ஒண்ணு பக்கத்துப் புள்ள மேல சாய்ஞ்சு ரெண்டும் அவுட்டு, கடைசியில ரித்தீஷும் புவியும்தான் மிச்சம். ரித்தீஷ் போன வருசம் ஜெயிச்சவன், ஹேண்டில இப்படியும் அப்படியும் ஒடிச்சு ஒடிச்சு நல்லா இழுத்தான். ஆனாலும் அவன் அடிபம்பத் தாண்டி வந்து சேர்ந்துட்டான். திரும்பிப் பாத்தா, புவி தபால் பெட்டிய விட்டு ஒரு சாணுகூட வரல. ஹேண்டில ஒடிக்கல, உடம்ப நெளிக்கல, பெஞ்சுல உக்காந்திருக்கிற மாதிரி சைக்கிள் மேல உக்காந்திருந்தா. கால் ரெண்டும் பெடல்ல. கண்ணு ரெண்டும் தூரத்துல, அடிபம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ன அவங்க அப்பா மேல.

முதல்ல கை தட்டினோம். அப்புறம் விசிலடிச்சோம். அப்புறம் கை வலிச்சதும் உக்காந்துட்டோம். லைட்டெல்லாம் போட்டாங்க. ரித்தீஷ், அவ நிக்கிறா, நின்னா அவுட்டு, அவுட்டு கொடுங்கன்னு தட்சணா அண்ணன் வேட்டியப் பிடிச்சு இழுத்தான். நியாயமான பேச்சுதான். தட்சணா அண்ணன் சாக்பீஸ் எடுத்து டயர்ல ஒரு புள்ளி வச்சாரு, தரையில ஒரு புள்ளி வச்சாரு, சட்டையக் கழட்டி மடிச்சுத் தலைக்கு வச்சு ரோட்டுல படுத்துக்கிட்டு ரெண்டு புள்ளியையும் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒரு கட்டெறும்பு தபால் பெட்டியில இருந்து இறங்கி, டயரச் சுத்திப் பாத்துட்டு, ஏறாம திரும்பிப் போச்சு. ரொம்ப நேரம் கழிச்சு அவரு எந்திரிச்சு முதுகு மண்ணத் தட்டிட்டு மைக்குக்குப் போனாரு.

"நகருது. போட்டி தொடருது."

இத அவரு மைக்குல சொல்லிட்டாரு.

நெடுஞ்செழியன் கடிகாரத்தைப் பாத்தாரு, பெட்டியப் பாத்தாரு, மகளைப் பாத்தாரு. ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்த வேன்காரன் ஆரன் அடிச்சான். அவரு வேன் பக்கம் ரெண்டு எட்டு வைச்சாரு, நாங்க சும்மா அந்த மைக்கைப் பாத்தோம். அவரு திரும்பி வந்து தன் பெட்டி மேலயே உக்காந்துக்கிட்டாரு. வேன் போயிடுச்சு.

காலையில வந்து பாத்தா புவி அப்படியேதான் இருந்தா. தூங்கினாளான்னு கேட்டா, கரண்டுக் கம்பியில குருவி எப்படித் தூங்குமோ அப்படித் தூங்கினா. மத்தது எல்லாம் எப்படின்னு வெளியூர்க்காரங்கதான் கேப்பாங்க, எங்க தெருவுல யாரும் கேக்கல. அவங்க அம்மா ரேணுகா அக்கா கிண்ணத்துல இட்லியப் பிட்டுப் போட்டுக்கிட்டு வந்து, பக்கத்துல நின்னு ஊட்டிவிட்டுக்கிட்டே, மாட்டுக்குக்கூட பொங்கல் ஒரு நாள்தான்டி, உனக்கு எத்தனை நாளுன்னு கேட்டாங்க. புவி வாயில இருந்தத முழுங்கிட்டு, சட்னி காரம்னு சொன்னா.

பந்தலப் பிரிக்கமுடியல, போட்டி முடியல. பரிசு மேசை மேல போர்வையப் போத்திவிட்டோம். கமால் பாய் குழாய அவுக்கமுடியல, விழா நடக்குதுன்னா பாட்டு ஓடணும், அதனால சத்தத்தக் குறைச்சு வச்சுக்கிட்டு, பரீட்சை நேரத்துல சுத்தமா சத்தமே இல்லாம வெறும் பாட்டு மட்டும் ஓட்டினாரு. மினி பஸ்ஸு அந்த இடம் வந்ததும் ஒரு பக்கமா ஒதுங்கி, மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் போற மாதிரி போகும், கண்டக்டர் படியில நின்னு, புவி கொஞ்சம் இடுப்ப உள்ள வாங்கிக்கம்மான்னு சொல்லுவாரு. அஞ்சாவது டீச்சர் ரெண்டு நாள் ஆள் அனுப்பிப் பாத்தாங்க, மூணாவது நாள் அவங்களே அட்டெண்டன்ஸோட வந்து, உள்ளேன் ஐயாவ வாங்கிட்டு, வாய்ப்பாடு கேட்டாங்க, வகுப்புல திணறினது எல்லாத்தையும் சைக்கிள் மேல உக்காந்துக்கிட்டு புவி சரியா சொன்னா, அவசரம் இல்லாதவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு ஒண்ணும் கஷ்டமில்ல. ஒரு டிவி சேனல்காரங்க காமிராவோட வந்து காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எடுத்தாங்க, போட்டுப் பாத்தா ஃபோட்டோ மாதிரி இருந்துச்சு, டீக்குக் காசு கொடுக்காம போயிட்டாங்க. எதிர் வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளை ஊர்வலம் அவளச் சுத்திதான் போச்சு, ஆரத்தி எடுத்த பொம்பளைங்க ஞாபகமா அவளுக்கும் ஒரு சுத்து சுத்திட்டுப் போனாங்க. அவ நிழல்ல ரெண்டு நாய் குடிவந்துச்சு, நிழல் வேகமாவும் சைக்கிள் மெதுவாவும் போறது அதுங்களுக்கு ஆரம்பத்துல குழப்பமா இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு.

சுண்ணாம்புக்கோடு காத்துல பறக்கும், பஸ் டயர்ல போகும், தட்சணா அண்ணன் தினம் காலையில டேப்பு பிடிச்சு அளந்து அதே இடத்துல திரும்பப் போடுவாரு. கோலத்துல முதல் பரிசு வாங்கவேண்டியவங்க, குத்துவிளக்கு போர்வைக்கு அடியிலயே கறுக்குதேன்னு, அந்தக் கோட்டக் கொஞ்சம் இந்தப் பக்கமா போட்டா என்ன தம்பி, யாருக்குத் தெரியப்போகுதுன்னு ஜாடைமாடையா கேட்டாங்க. கோடு கோடுதான்க்கான்னுட்டாரு. ரித்தீஷுக்கு ரெண்டாவது பரிசு வாட்டர் பாட்டில், அதப் போர்வையத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டுப் போவான். அப்புறம் அவனும் ஓய்ஞ்சு, தினம் பள்ளிக்கூடம் விட்டதும் தன் சைக்கிள அவ பக்கத்துல ஸ்டாண்டு போட்டு, அது மேல ஏறி உக்காந்துக்கிட்டு, வகுப்புல நடந்ததெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பான். எப்படிடி விழாம இருக்கன்னு ஒரு நாள் கேட்டிருக்கான். விழுந்தா அப்பா போயிடுவாங்கன்னு சொல்லியிருக்கா. அவன் வீட்டுக்குப் போய் இதச் சொல்ல, அவங்க அம்மா கடையில சொல்ல, சாயங்காலத்துக்குள்ள தெரு பூரா தெரிஞ்சுபோச்சு. முன்னாடியே தெரிஞ்சதுதான், ஆனா யாரும் வாயால சொல்லியிருக்கல. அன்னைக்கு அப்புறம் அந்தக் குத்துவிளக்க யாரும் கேக்கல.

நெடுஞ்செழியன் எப்படி இருந்தாருன்னு சொல்லணும். ஆரம்பத்துல தினம் குளிச்சு, பேண்ட் போட்டு, ஷூ போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிப்பாரு, இன்னைக்கு வந்துடுவா, இன்னைக்கு வந்துடுவான்னு. சட்டை மாத்தணும்னா பெட்டிக் கயித்த அவுத்து, ஒண்ண எடுத்துட்டுத் திரும்பக் கட்டுவாரு. அவங்க சூப்பர்வைசர் தாமஸ் சார் கேரளாக்காரரு, அங்க இருந்து ஃபோன் போட்டு, என்னா செழியா, எப்ப வரும்னு கேப்பாரு. பரிசு கொடுத்ததும் கிளம்பிடுறேன் சார்னு இவரு சொல்லுவாரு. யாருக்குப் பரிசு, என்ன போட்டின்னு எல்லாம் கேட்டுட்டு, அவரு ஊர்லயும் ஓணத்துக்கு இந்த மாதிரி எல்லாம் உண்டுதான், சரி, முடிச்சுட்டு வான்னு ரெண்டு தடவை டிக்கெட்ட மாத்திக் கொடுத்தாரு.

சும்மா எவ்வளவு நேரம்தான் பெட்டி மேல உக்காந்திருக்கிறது. டீக்கடை ஃபிரிட்ஜ் கூலிங் போகலன்னாங்க, பாத்துக் கொடுத்தாரு. எதிர் வீட்டு ஏசியில தண்ணி சொட்டுதுன்னாங்க, ஆனா அவரு கோட்ட விட்டு நகரமாட்டாரே, மகள் பார்வை அங்கதானே இருக்கு. அதனால அவரு இங்க நின்னுக்கிட்டே சத்தமா சொல்ல, ரேணுகா அக்கா ஸ்டூல் போட்டு ஏறி ஸ்குரூவக் கழட்டி ஃபில்டர எடுத்து அலசி மாட்டினாங்க. கல்யாணமான இத்தனை வருசத்துல அவங்க ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசிக்கிட்டதே அன்னைக்குத்தான். அப்புறம் ஒவ்வொரு வீடா நடந்துச்சு இது. வெயில் ஏற ஏற, தெருவுல எல்லா ஏசியையும் ரேணுகா அக்கா கைதான் தொட்டுச்சு.

மாசி போச்சு, பங்குனி போச்சு, சித்திரை வெயில்ல புவிக்கு மேல ஒரு குடைய ஹேண்டில்ல கட்டிவிட்டாங்க. ஒரு நாள் நெடுஞ்செழியன் அவ முட்டி ஹேண்டில்ல இடிக்கிறதப் பாத்தாரு. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. போய் ஸ்பேனர் எடுத்துட்டு வந்து, தட்சணா அண்ணன்கிட்ட அனுமதி கேட்டு, தட்சணா அண்ணன் விதியில சீட்டப் பத்தி ஒண்ணுமில்லன்னு சொன்னதும், அவ உக்காந்திருக்கும்போதே சீட்ட ஒரு விரக்கடை உசத்தி முடுக்கினாரு. முடிச்சதுக்கப்புறமும் ஸ்பேனர வச்சுக்கிட்டு அங்கயே நின்னாரு. வளர்ந்த புவியத்தான் அவரு இதுவரைக்கும் பாத்திருக்காரு, வளர்ற புவிய இப்பத்தான் பாக்குறாரு. அந்த வாரத்துல என்னைக்கோ அவரு கடிகாரம் நம்ம நேரம் காட்டிக்கிட்டு இருந்துச்சு, எப்ப மாத்தினாருன்னு யாருக்கும் தெரியாது.

வைகாசியில தாமஸ் சார் குரல் மாறிப்போச்சு. குவைத்துல வெயில் கொளுத்துது, ஏசி ஓடணும், ஆளு வேணும், இனிமே டிக்கெட்ட மாத்தமுடியாது, அடுத்த வாரம் வரலன்னா வேற ஆள எடுத்துடுவாங்கன்னு சொல்லிட்டாரு. நெடுஞ்செழியன் ஃபோன வச்சுட்டுப் பெட்டி மேல உக்காந்துட்டாரு. ரேணுகா அக்கா மாடியில நீட்டிக்கிட்டு நிக்கிற கம்பியப் பாத்தாங்க. அந்த வேலையிலதான் வீடு அந்தக் கம்பி வரைக்கும் வந்திருக்கு. அவரு போகணும்னு சொல்லவும் அவங்களுக்கு வாய் வரல, இருக்கட்டும்னு சொல்லவும் வாய் வரல.

அப்ப சைக்கிளோட முன்சக்கரம் கோட்டுக்கு ஒரு கை அளவு பக்கத்துல வந்திருந்துச்சு. அவரு கோட்டுல குந்தி உக்காந்தா அவளத் தொட்டுடலாம். ஆனா அவ நெனச்சா இன்னும் மெதுவாக்கி, அந்த ஒரு கைய ரெண்டு பொங்கல் வரைக்கும் இழுத்துடுவா. சாயங்காலம் அவரு வந்து அவளுக்கு நேரா உக்காந்தாரு. நாங்க எல்லாரும் தற்செயலா வாசல்லதான் இருந்தோம்.

"வந்துடு புவி. நான் பிடிச்சுக்கிறேன்."

"பிடிச்சிருக்கேன்னு சொல்லிட்டு விட்டுடுவீங்க."

அவரு திரும்பி அடிபம்பப் பாத்தாரு. அது சும்மா நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"வேலை போயிடும்மா. அப்பா போய்த்தான் ஆகணும்."

"போங்க. பரிசக் கொடுத்துட்டுப் போங்க."

அவ கோவமா சொல்லல. விதியச் சொன்னா, அவ்வளவுதான்.  ரெண்டு நாயும் எந்திரிச்சு இடம் மாறிப் படுத்துக்கிச்சு. அப்புறம் அவரு அவ பெடல்ல இருக்கிற கால, அந்தக் கால் போற வேகத்தைப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

"நான் மெதுவா போனா?"

"எவ்வளவு மெதுவா?"

"நீ வந்த அளவுக்கு."

புவி யோசிச்சா. "கால ஊனக்கூடாது."

"ஊனமாட்டேன்."

"நிக்கவும் கூடாது. நின்னா அவுட்டு."

"சரி."

"மைக்குல சொல்லுங்க."

கமால் பாய் ஏற்கெனவே சத்தத்த ஏத்தியிருந்தாரு. நெடுஞ்செழியன் மேடைக்குப் போய் மைக்கப் பிடிச்சாரு, தொண்டையச் செருமினாரு, அது தெரு பூரா கேட்டுச்சு. நான் குவைத்துக்கு இந்தச் சைக்கிள்ல போறேன், இவ வந்த வேகத்துலயே போறேன், கால ஊனமாட்டேன்னு சொன்னாரு. சொல்லிட்டு மைக்க வைக்காம அப்படியே நின்னாரு. யாரும் கை தட்டல, ஏன்னா எல்லாரும் சக்கரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தோம்.

புவி ஒரு மிதி மிதிச்சா. மத்த புள்ளைங்க மிதிக்கிற மாதிரி சாதாரணமா ஒரு மிதி. சைக்கிள் கோட்டத் தாண்டி, பம்பத் தாண்டி, டீக்கடை பெஞ்சு வரைக்கும் போய் நின்னுச்சு. தட்சணா அண்ணன் விசில வாயில வச்சு ஊதினாரு, இத்தனை மாசம் ஊதாம கிடந்ததால முதல்ல காத்துதான் வந்துச்சு, ரெண்டாவது தடவைதான் சத்தம் வந்துச்சு. புவி இறங்கினா. நடக்க மறந்துபோச்சு போல, ரெண்டு அடி சைக்கிளப் பிடிச்சுக்கிட்டே வந்து, அப்புறம் விட்டுட்டு ஓடினா. அவரு பிடிச்சுக்கிட்டாரு.

அப்பவே பரிசளிப்பு. போர்வைய எடுத்தா பாத்திரத்துல எல்லாம் தூசி. கோலக்காரங்க குத்துவிளக்க வாங்கி முந்தானையில தொடைச்சுக்கிட்டாங்க. சாக்கு ஓட்டத்துல ஜெயிச்ச பய அதுக்குள்ள ஒசரமாயிட்டான், அந்தச் சாக்கு இப்ப அவன் முட்டிக்குத்தான் வரும். ரித்தீஷ் வாட்டர் பாட்டில வாங்கின உடனே தண்ணி ஊத்திக் குடிச்சான். முதல் பரிசு ஒரு எவர்சில்வர் குடம், புவி அத வாங்கி மேசையிலயே வச்சுட்டு, சீட்ட உசத்துங்கப்பான்னா. அவரு ஸ்பேனரால சீட்ட கடைசி வரைக்கும் உசத்தினாரு. கேரியர்ல பெட்டி, பெட்டிக்கு அந்தக் கயிறு. ரேணுகா அக்கா தலை சீவிவிட்டாங்க, பவுடர் போட்டுவிட்டாங்க, கிளம்புறவருக்குச் செய்யிறதெல்லாம் செஞ்சாங்க, எதிர்ல வர வேண்டிய சுமங்கலியா அவங்களே குடத்தோட ஒரு தடவை எதிர்ல வந்துட்டும் போனாங்க. தட்சணா அண்ணன் டயர்ல சாக்பீஸ் புள்ளி வச்சாரு.

அவரு ஏறி உக்காந்ததும் சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடிச்சு. பெரிய மனுசன், பழக்கமில்ல, பெட்டியோட கனம் வேற. கால ஊனினா போச்சு, வேன் பிடிச்சுப் போயிட வேண்டியதுதான். புவி பின்னாடி போய் கேரியரப் பிடிச்சா. சைக்கிள் ஆடுறது நின்னுச்சு.

அப்படித்தான் நெடுஞ்செழியன் கிளம்பினாரு. எங்க தெருவுல யாராவது வெளிநாடு போகும்போது நாங்க முக்குவரைக்கும் போய் வழியனுப்பிட்டு வருவோம், இவர இன்னும் வழியனுப்பிக்கிட்டு இருக்கோம். காலையில அவரு ஏசி விசயமா சொல்லிக்கொடுக்க, ரேணுகா அக்கா குறிச்சுக்கிட்டு டூல்ஸ் பையோட கடைத்தெருவுக்குப் போறாங்க, இப்ப பஜார்ல பெரிய துணிக்கடை ஏசியே அவங்க கைலதான் இருக்கு, மாடிக் கம்பிக்கு மேல தளமும் போட்டாச்சு. தளம் போட்ட அன்னைக்கு அவரு டீக்கடைக்கு நேரா வந்திருந்தாரு, அங்க இருந்தே பாத்தாரு. அடுத்த வாரம்னு சொன்ன கெடு போயும் தாமஸ் சார் மட்டும் விடாம ஃபோன் போடுவாரு, புவி எடுத்து அவரு காதுல வைப்பா.

"கிளம்பியாச்சா செழியா?"

"கிளம்பிட்டேன் சார். வழியிலதான் இருக்கேன்."

பொய் இல்ல அது. தாமஸ் சாருக்கும் அதக் கேட்டா ஒரு நிம்மதி வந்துடுது போல, சரி சரி, பாத்து வான்னு வச்சுடுவாரு.

இந்தப் பொங்கலுக்குச் சிறப்பு விருந்தினர் யாருன்னு மன்றத்துல பெரிய பேச்சு. லீவுல வந்தவங்க ஒருத்தரும் இல்ல. நெடுஞ்செழியனக் கூப்பிடலாம்னா, அவரு கிளம்பிப் போனவரு, வந்தவரு இல்ல. கடைசியில மேசையத் தூக்கி அவரு பக்கத்துல போடுறது, நின்ன இடத்துல இல்ல, போற போக்குலயே கொடுக்கட்டும்னு முடிவாச்சு. ஸ்லோ சைக்கிள எடுத்துடலாமான்னு தட்சணா அண்ணன் கேட்டாரு, ஆனாலும் போட்டிகள்ல அதுவும் இருக்கு.

புவி இப்ப ஏழாவது. பள்ளிக்கூடம் போற நேரத்துக்கு ரித்தீஷ் அம்மா, டீக்கடைக்காரரு, நாங்க யாராவது மாத்திவிடுவோம், மணி அடிச்சதும் ஓடி வந்து, தள்ளுங்கன்னு எங்க கைய எடுத்துவிட்டுட்டு அவ பிடிச்சுக்குவா. இன்னைக்கு நிலவரம், முன்சக்கரம் மினி பஸ் நிக்கிற இடத்தத் தொட்டிருக்கு, அங்க இருந்து மெயின் ரோடு தெரியும். மெயின் ரோடு தெரிய ஆரம்பிச்சதுல இருந்து அவரு அடிக்கடி கேக்குறாரு.

"பிடிச்சிருக்கியாம்மா?"

"பிடிச்சிருக்கேன்பா. நீங்க சக்கரத்தைப் பாக்காம தூரமா பாருங்க."

நாங்க போய்ப் பின்னாடி எட்டிப் பாத்துட்டுத்தான் வந்தோம். அவ இதுவரைக்கும் விடல.